கப்பலில் போன தாளம், இசைத்தட்டில் திரும்பி வந்த கதை

செமஸ்டர் பரீட்சைக்காகக் காஸ்ட் அக்கவுண்டிங் கணக்குகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு ராத்திரி. தூக்கம் வராமல் இருக்க யூட்யூபில் ஏதாவது ஒரு பாட்டைப் போட்டுவிட்டு உட்காருவது என் பழக்கம். ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக ஓடும். அப்படி ஓடிய வரிசையில் ஒரு பாட்டு வந்தது. பியானோ, ட்ரம்பெட், காங்கா மேளம். இது சல்சா என்று எனக்கே தெரிந்துவிட்டது. ஆனால் பாடியவரின் மொழி ஸ்பானிஷ் மாதிரி இல்லை. பேனாவை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். பாட்டின் பெயர் 'யாய் பாய்'. குழுவின் பெயர் ஆஃப்ரிகாண்டோ. மொழி, மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டில் பேசப்படும் வோலோஃப்.

அன்றைக்குக் கணக்கு முடியவில்லை. :-)

இந்தக் குழுவின் முதல் ஆல்பம் 'ட்ரோவடோர்', 1993-இல் வந்தது. பாடியவர்கள் செனகலின் டக்கார் நகரத்துக்காரர்கள். இசையை ஒழுங்குபடுத்தியவர் மாலி நாட்டுக்காரர். வாசித்தவர்கள் நியூயார்க்கின் சல்சா வாத்தியக்காரர்கள். வாத்தியக்காரர்களுக்கு வோலோஃப் தெரியாது. ஆனாலும் கேட்டால் ஒரே தெருவில் பிறந்து வளர்ந்தவர்கள் சேர்ந்து வாசிப்பதுபோல இருக்கிறது. இது எப்படி நடந்தது என்று தேடப் போனால், ஒரு ஆல்பத்தின் கதை நாலு நூற்றாண்டுக் கதையாக நீண்டுவிட்டது.

இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: "ஆப்பிரிக்காவிலிருந்து போன இசை தாய்வீடு திரும்பிவிட்டது." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வணிகவியல் படிக்கிற எனக்கு இதில் ஒரு சந்தேகம். போனது எப்படி? வந்தது எப்படி? யார் காசு போட்டார்கள்? யார் வாங்கினார்கள்? இந்தக் கேள்விகளைக் கேட்டால் கதை வேறு மாதிரி தெரிகிறது. அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

முதலில் போன கதை

கியூபா கரும்புத் தீவு. 1791-இல் பக்கத்துத் தீவான ஹைட்டியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்து, 1804-இல் விடுதலையும் பெற்றார்கள். அதுவரை உலகத்துக்குச் சர்க்கரை கொடுத்த இடம் அது. அந்தச் சந்தையைப் பிடிக்கக் கியூபாவின் தோட்ட முதலாளிகள் முந்தினார்கள். கரும்பு வெட்ட ஆள் வேண்டும். ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்தார்கள். மொத்தமாகக் கியூபாவில் இறக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 8 லட்சம் பேர். 1817-இல் ஸ்பெயின் பிரிட்டனோடு ஒப்பந்தம் போட்டு அடிமை வணிகத்தை நிறுத்துவதாகச் சொன்னது. காகிதத்தில்தான் நின்றது. 1860-கள் வரை கள்ளத்தனமாகக் கப்பல்கள் வந்துகொண்டேதான் இருந்தன. அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1886-இல்.

என்னை அசைத்துப்போட்டது இந்த வணிகத்தின் கணக்குப் புத்தகம். ஸ்பானிஷ் அரசின் ஒப்பந்தங்களில் அடிமைகளை எண்ண 'பியேசா' என்று ஓர் அலகு இருந்தது. துண்டு, உருப்படி என்று அர்த்தம். ஆரோக்கியமான ஓர் இளவயது ஆண் என்றால் ஒரு பியேசா. சிறுவன், முதியவர், நோயாளி என்றால் ஒரு பியேசாவில் ஒரு பங்கு. இரண்டு மூன்று குழந்தைகள் சேர்ந்தால் ஒரு உருப்படி என்கிற மாதிரி. சரக்கிருப்பை எப்படி மதிப்பிடுவது என்று நான் வகுப்பில் படித்துக்கொண்டிருக்கும் அதே வேலையை யாரோ ஒரு குமாஸ்தா மனிதர்களை வைத்து அழகான கையெழுத்தில் செய்திருக்கிறார். கூட்டல் தப்பில்லாமல்தான் இருந்திருக்கும்.

அந்தப் புத்தகத்தில் ஏறாத ஒரு விஷயம் அவர்களோடு கப்பலில் வந்தது. தாளம். யோருபாக்கள், காங்கோ மக்கள், கலாபார் பக்கத்து மக்கள் என்று வந்தவர்கள் கியூபாவில் தங்கள் வழிபாட்டையும் மேளத்தையும் விடவில்லை. அதோடு ஸ்பானியரின் கித்தாரும் பாட்டு வடிவங்களும் கலந்து, தீவின் கிழக்குப் பக்கத்தில் 'சோன்' என்ற இசை உருவானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஹவானாவுக்கு வந்து சேர்ந்தது. இன்றைக்கு நாம் சல்சா என்று சொல்வதற்கு முதுகெலும்பு இந்த சோன்தான்.

மேசையில் தட்டிப் பாருங்கள்

சோன் இசையின் உயிர் 'கிளாவே' என்ற தாளம். இதை எழுத்தில் விளக்குவது கஷ்டம், அதனால் செய்து பாருங்கள். ஒன்றிலிருந்து பதினாறு வரை ஒரே சீராக எண்ணுங்கள். 1, 4, 7, 11, 13 - இந்த ஐந்து எண்கள் வரும்போது மட்டும் மேசையில் தட்டுங்கள். பதினாறு முடிந்ததும் நிறுத்தாமல் மறுபடி ஒன்று. நாலைந்து சுற்று போனதும் கால் தானாக ஆடும். முதல் பாதியில் மூன்று தட்டு, இரண்டாம் பாதியில் இரண்டு தட்டு. முதல் பாதி இழுக்கிறது, இரண்டாம் பாதி அதற்குப் பதில் சொல்கிறது.

இதை வாசிக்கும் கருவி இரண்டு சின்ன மரக்குச்சிகள். அதற்கும் கிளாவே என்றே பெயர். ஹவானா துறைமுகத்தில் கப்பல் கட்டப் பயன்பட்ட கெட்டியான மர ஆணிகளிலிருந்து இவை பிறந்தன என்று கியூபா அறிஞர் ஃபெர்னாண்டோ ஓர்ட்டிஸ் எழுதியிருக்கிறார். அப்படியானால் மனிதர்களைச் சரக்காக ஏற்றிவந்த அதே கப்பல் தொழிலின் மிச்சத் துண்டுகளை எடுத்துத்தான் தாளம் தட்டியிருக்கிறார்கள்.

பியானோ, பாஸ், காங்கா, பாடகர் என்று எல்லோரும் இந்த ஐந்து தட்டுக்குக் கட்டுப்பட்டவர்கள். சில பாட்டுகளில் குச்சி சத்தமே வராது. ஆனாலும் அது எல்லார் மனசுக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கும். இது போன்ற தாள வடிவங்கள் மேற்கு, மத்திய ஆப்பிரிக்க இசைகளில் ஏராளம்.

அப்புறம் வந்த கதை

இனி திரும்பி வந்த கதை. நான் எதிர்பார்த்தது ஏதோ ஓர் உணர்ச்சிமயமான சந்திப்பு. நடந்தது வியாபாரம்.

1930-இல் டோன் அஸ்பியாசு என்ற கியூபா இசைக்குழுத் தலைவர் நியூயார்க்கில் 'எல் மனிசேரோ' என்ற பாட்டைப் பதிவு செய்தார். எழுதியவர் மோய்சேஸ் சிமோன்ஸ், பாடியவர் அந்தோனியோ மச்சின். தெருவில் வேர்க்கடலை விற்பவன் பாடுவதுபோல அமைந்த பாட்டு. உலகம் முழுக்கப் பிய்த்துக்கொண்டு ஓடியது. (நம் கல்லூரி வாசலில் போடும் கடலை இல்லை, இது நிஜக் கடலை.)

1933-இல் எச்.எம்.வி. நிறுவனம் ஆப்பிரிக்கச் சந்தைக்கென்று 'ஜி.வி.' என்ற வரிசையில் இசைத்தட்டுகளை வெளியிட ஆரம்பித்தது. பெரும்பாலும் ஏற்கெனவே பதிவாகியிருந்த கியூபா, லத்தீன் பாட்டுகள். புதுப் பதிவுச் செலவு இல்லை, இருப்பதையே அச்சடித்துப் புதுச் சந்தையில் விற்கலாம். 1950-களின் கடைசி வரை ஓடிய அந்த வரிசையில் 200-க்கும் மேற்பட்ட தட்டுகள் வந்தன. அவற்றில் இந்தக் கடலைக்காரன் பாட்டும் ஒன்று. கம்பெனிப் பெட்டிகளில் வந்தது போக, கப்பல் மாலுமிகள் கொண்டுவந்து கொடுத்தவையும் உண்டு. டக்கார் பெரிய துறைமுகம்.

இதில் ஒரு வேடிக்கை. அப்போது செனகலின் பொருளாதாரமே வேர்க்கடலைதான். பிரெஞ்சுக்காரர்கள் அந்த நாட்டை ஒரு கடலைத் தோட்டமாகவே ஆக்கி வைத்திருந்தார்கள். கடலை விளைவிக்கிற நாட்டுக்குக் கடலை விற்கிறவனின் பாட்டு வந்து சேர்ந்தது.

காங்கோவிலும் இதே தட்டுகள்தான் போய்ச் சேர்ந்தன. அங்கே அதிலிருந்து காங்கோ ரும்பா பிறந்தது. 1960-இல் பெல்ஜியத்தோடு விடுதலைப் பேச்சுவார்த்தை நடந்தபோது ஜோசஃப் கபாசெலேயின் ஆஃப்ரிகன் ஜாஸ் குழு ப்ரஸ்ஸல்ஸில் இருந்தது. விடுதலையைக் கொண்டாட அவர்கள் போட்ட பாட்டு 'அன்தபான்தான்ஸ் ச்சா ச்சா'. ஆம், கியூபாவின் ச்சா ச்சா ச்சா நடனத் தாளம்!

ஏன் கியூபா? ஐரோப்பாவின் இசையும்தான் வந்துகொண்டிருந்தது. எனக்குத் தோன்றுவது இதுதான். நகரத்துக்கு வந்து, வேலைக்குப் போய், நல்ல சூட் போட்டு, சனிக்கிழமை ராத்திரி ஆட ஆசைப்பட்ட ஆப்பிரிக்க இளைஞனுக்குப் புதுக்காலத்து இசை ஒன்று வேண்டியிருந்தது. ஆனால் அது தன்னை ஆள்கிறவனின் இசையாக இருக்கக் கூடாது. கியூபா இசை புதுசு, பளபளப்பு, நகரத்தனம். அதே சமயம் கறுப்பர்களின் கைபட்டது. காதில் விழுந்ததும் எங்கேயோ கேட்ட மாதிரியும் இருந்தது.

இந்த இடத்தில் ஒரு நேர்மை வேண்டும். கியூபாவுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் அதிகம் பேர் காங்கோ, நைஜீரியா பக்கத்தவர்கள். செனகலின் வோலோஃப் மக்கள் அதில் கொஞ்சம்தான். ஆகவே டக்கார்க்காரருக்கு இது 'தாத்தா வீட்டுச் சொத்து திரும்பி வந்தது' அல்ல. தூரத்துச் சொந்தத்தின் பிள்ளையை, பார்த்ததும் பிடித்துப்போய், தன் பிள்ளையாகவே வளர்த்த கதை. அது இன்னும் பெரிய விஷயம் என்பேன்.

பாஷை தெரியாத பாடகர்கள்

1960-இல் செனகல் விடுதலை பெற்றது. அதே ஆண்டில் டக்காரில் 'மியாமி' என்ற நடன விடுதியை நடத்திய இப்ரா காசே 'ஸ்டார் பேண்ட்' குழுவைத் தொடங்கினார். 1970-இல் இன்னொரு விடுதிக்காக 'ஆர்கெஸ்ட்ரா பாவோபாப்' பிறந்தது. இந்தக் குழுக்களில் பாடகர்கள் ஸ்பானிஷ் பாட்டுகளை இசைத்தட்டைக் கேட்டுக் கேட்டு, ஒலியை வைத்தே பாடினார்கள். அர்த்தம் முழுசாகத் தெரியாது. ஆடுகிறவர்களுக்கும் தெரியாது. யாருக்கும் அது குறையாகப் படவில்லை.

மாலியில் கதை இன்னும் ருசி. அங்கே விடுதலைக்குப் பிறகு அதிபரான மோதிபோ கெய்ட்டா சோஷலிசப் பாதைக்காரர். 1964-இல் பத்து மாணவர்களை இசை படிக்கக் கியூபாவுக்கே அனுப்பினார்கள். அவர்களில் ஒருவர் போன்கானா மைகா. ஹவானாவில் புல்லாங்குழல் படித்தார். கியூபாவில் 'சாரங்கா' என்று ஒருவகைக் குழு உண்டு, புல்லாங்குழலும் வயலின்களும் முன்னால் நிற்கும். மாலி மாணவர்கள் அப்படி ஒரு குழுவை அமைத்து 'மரவில்யாஸ் தெ மாலி' என்று பெயர் வைத்தார்கள், 'மாலியின் அற்புதங்கள்'. ஹவானாவிலேயே அவர்கள் பதிவு செய்த பாட்டு மேற்கு ஆப்பிரிக்கா முழுக்கப் பிரபலமானது. ஆனால் 1968 நவம்பரில் மாலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அனுப்பிய அரசே இல்லை. ஊர் திரும்பிய குழு நீடிக்கவில்லை. மைகா ஐவரி கோஸ்டின் அபிஜானுக்குப் போய் இசையமைப்பாளராகப் பிழைத்தார்.

1970-களின் கடைசியில் டக்காரின் காற்றும் மாறியது. யூசு ந்தூர் போன்ற இளைஞர்கள் வந்தார்கள். அவரும் ஸ்டார் பேண்டில் பாடி வளர்ந்தவர்தான். ஆனால் உள்ளூர் சபார் மேளத்தை முன்னே கொண்டுவந்து, வோலோஃப் மொழியில் பாடி, 'ம்பலாக்' என்ற இசையை வளர்த்தார்கள். "அந்நியப் பாஷையில் ஏன் பாட வேண்டும்?" என்ற கேள்வியில் நியாயம் இருந்தது. கியூபா இசை அப்பா காலத்துச் சமாச்சாரம் ஆகிவிட்டது. பாவோபாப் குழு 1980-களில் கலைந்தது. நல்ல குரலோடு இருந்த பாடகர்கள் பலருக்கு மேடை இல்லாமல் போனது.

யார் வாங்குவார்?

இப்ராஹிமா சில்லா என்ற தயாரிப்பாளர் நுழைவது இங்கேதான். ஐவரி கோஸ்டில் பிறந்து பாரிஸிலிருந்து தொழில் செய்தவர். சாலிஃப் கெய்ட்டாவை உலகத்துக்குக் காட்டிய 'சோரோ' (1987) ஆல்பத்தின் தயாரிப்பாளர். சின்ன வயதிலிருந்தே கியூபா இசைத்தட்டுகளின் பைத்தியம். ஆனால் பைத்தியத்துக்காக மட்டும் யாரும் நியூயார்க் ஸ்டுடியோவுக்கு வாடகை கட்ட மாட்டார்கள்.

அன்றைய சந்தையைப் பாருங்கள். 1962-இல் அமெரிக்கா கியூபா மீது வர்த்தகத் தடை போட்டபின் ஹவானாவுக்கும் நியூயார்க்குக்கும் வழி அடைபட்டது. நியூயார்க்கில் இருந்த போர்ட்டோ ரிக்கோக்காரர்களும் மற்றவர்களும் அந்த இசையைத் தங்கள் வழியில் வளர்த்தார்கள். 1964-இல் தொடங்கிய ஃபானியா கம்பெனி அதைச் சல்சா என்ற பெயரில் உலகத்துக்கு விற்றது. 1980-களில் சல்சா மெல்ல மெல்ல மென்மையான காதல் பாட்டாக மாறியது. பழைய முறுக்கான தாளத்துக்கு ஏங்கிய நடனக்காரர்கள் இருந்தார்கள். டக்காரிலும் அபிஜானிலும் பழைய நினைப்பில் இருந்த நடுவயதுக்காரர்கள் இருந்தார்கள். பாரிஸில் குடியேறிய ஆப்பிரிக்கர்கள் இருந்தார்கள். மூன்று இடத்து வாடிக்கையாளர், ஒரே சரக்கு.

சில்லா மூன்று பாடகர்களைச் சேர்த்தார். ஸ்டார் பேண்டில் இருந்த, கரகரத்த குரல்கொண்ட பாப் செக். பாவோபாபின் மெதூன் ஜாலோ. இளையவரான நிக்கோலா மென்ஹைம். இசைப் பொறுப்பு, ஹவானாவில் படித்த நம் போன்கானா மைகாவுக்கு. எல்லோரும் நியூயார்க் போனார்கள். 'ஆண்டோ' என்றால் வோலோஃபில் சேர்ந்து இருப்பது. ஆஃப்ரிகாண்டோ: ஒன்றுசேர்ந்த ஆப்பிரிக்கா.

ஆல்பத்தில் நடந்தது என்ன? சல்சா பாட்டுக்குப் பொதுவாக இரண்டு பாகம். முதலில் பாட்டு, பிறகு 'மோன்டுனோ'. மோன்டுனோவில் கோரஸ் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட, முன்பாடகர் நடுநடுவே சொந்தமாக எடுத்துவிடுவார். மேற்கு ஆப்பிரிக்காவில் 'க்ரியோ' என்னும் பரம்பரைப் பாணர்கள் வேலையே இதுதான். பெயர் சொல்லிப் புகழ்வது, சபையைப் பார்த்து அந்த நிமிஷத்தில் வரி கட்டுவது. ஆகவே செனகல் குரல் மோன்டுனோவுக்குள் நுழையும்போது விருந்தாளி மாதிரி தயங்குவதே இல்லை. அர்த்தம் தெரியாத ஸ்பானிஷைப் பாடி வளர்ந்த தலைமுறை, இப்போது நியூயார்க்காரர்களின் வாசிப்புக்கு மேல் தன் தாய்மொழியில் பாடியது. இந்த முறை பாஷை தெரியாமல் நின்றவர்கள் வாத்தியக்காரர்கள்!

நடனக்காரருக்கும் பாஷை தேவையில்லை. எட்டு எண்ணிக்கையில் 1, 2, 3 அடி, நாலில் நிறுத்தம்; 5, 6, 7 அடி, எட்டில் நிறுத்தம். வோலோஃபில் பாடினாலும் கால் அதேதான். 'யாய் பாய்' ஆப்பிரிக்காவைத் தாண்டிச் சல்சா ஆடுகிற இடங்களுக்கெல்லாம் போனது.

லாபம் நஷ்டம்

இரண்டாவது ஆல்பம் 1994-இல். அந்த ஆண்டு ஜனவரியில் மேற்கு ஆப்பிரிக்காவின் சிஎஃப்ஏ ஃபிராங்க் நாணயத்தின் மதிப்பு ஒரே நாளில் பாதியானது. அதுவரை 50 சிஎஃப்ஏ கொடுத்தால் ஒரு பிரெஞ்சு ஃபிராங்க், மறுநாள் 100 கொடுக்க வேண்டும். டாலரில் செலவு செய்து சிஎஃப்ஏவில் கேசட் விற்கிறவருக்கு இது எப்படி இருந்திருக்கும் என்பதை எந்த பி.காம். மாணவரும் சொல்லிவிடுவார். வெளிநாட்டு நடனக்காரர்களின் சந்தை மட்டும் இல்லாவிட்டால் இந்த முயற்சி அதோடு நின்றிருக்கலாம் என்பது என் கணிப்பு.

காசை விடப் பெரிய நஷ்டம் 1995-இல். பாப் செக் காலமானார். பல வருடம் ஒதுக்கப்பட்டிருந்த ஒரு குரலுக்குக் கிடைத்தது இரண்டே ஆல்பம். அடுத்த ஆல்பத்தில் பெனின் நாட்டின் ஞோனாஸ் பெட்ரோ சேர்ந்தார். பிறகு பல நாட்டுப் பாடகர்களும் வந்துபோக, பெயருக்கேற்ப ஆஃப்ரிகாண்டோ கண்டம் முழுக்க விரிந்தது. சில்லா 2013-இல் காலமானார்.

இன்னொரு சம்பவத்தையும் சொல்லாமல் முடிக்க மனமில்லை. 1996-இல் லண்டனின் நிக் கோல்ட் என்ற தயாரிப்பாளர் மாலி இசைக்கலைஞர்களை ஹவானாவுக்கு வரவழைத்துக் கியூபாக்காரர்களோடு பதிவு செய்யத் திட்டமிட்டார். பயண ஆவணச் சிக்கலில் மாலிக்காரர்கள் வந்து சேரவில்லை. பதிவு நாட்கள் வீணாகக் கூடாது என்று கியூபாவின் மூத்த கலைஞர்களை வைத்து எடுத்த ஆல்பம்தான் உலகப் புகழ்பெற்ற 'புவேனா விஸ்தா சோஷியல் கிளப்'. முதலில் நினைத்த சந்திப்பு 'ஆஃப்ரோகியூபிசம்' என்ற ஆல்பமாக வந்தது 2010-இல்தான்.

யோசித்துப் பார்க்கிறேன். மனிதர்களை உருப்படியாக எழுதிய காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து ஹவானா போக ஒரு ஆளிடமும் விசா கேட்கவில்லை. பாட்டு தட்டாகத் திரும்பியபோதும் துறைமுகம் திறந்தே இருந்தது. வாத்தியத்தோடு தன் விருப்பத்தில் போகிறவனுக்குத்தான் காகிதம் சரியில்லை.

ஆகவே "இசை தாய்வீடு திரும்பியது" என்று இனி நான் சொல்ல மாட்டேன். அது தானாகத் திரும்பவில்லை. கம்பெனி லாபத்துக்காக அச்சடித்தது, மாலுமி பெட்டியில் கொண்டுவந்தது, விடுதிக்காரர் கூட்டத்துக்காக வாசிக்க வைத்தது, ஒரு அரசு பத்துப் பேரை அனுப்பிப் படிக்க வைத்தது, ஒரு தயாரிப்பாளர் காசு போட்டது. இத்தனை கைமாறியும் யாருடைய லெட்ஜரிலும் அந்த ஐந்து தட்டுகள் ஏறவில்லை. விலை போடத் தெரியாததால்தான் அது பிழைத்தது என்று தோன்றுகிறது.

நேரம் கிடைத்தால் 'ட்ரோவடோர்' கேளுங்கள். கேட்கும்போது 1, 4, 7, 11, 13 மறக்க வேண்டாம். எனக்கு நாளைக்குக் காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சை. சரக்கிருப்பு மதிப்பீட்டுக் கணக்கு கட்டாயம் வருமாம். போடுவேன், ஆனால் பழைய மாதிரி போட முடியுமா தெரியவில்லை.